பஸ் நேரம் பார்க்க ஒரு பக்கம்: வெப் டெவலப்மென்ட் கற்க வருபவர்களுக்கு

சனிக்கிழமை மாலைகளில் சில மாணவர்களுக்கு வெப் டெவலப்மென்ட், அதாவது இணையதளம் உருவாக்கும் வேலை, சொல்லிக்கொடுக்கிறேன். புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் போனில் ஒரு படத்தைச் சேமித்து வைத்திருப்பார்கள். எதை எந்த வரிசையில் கற்பது என்று காட்டும் அந்தப் படத்துக்கு ரோட்மேப் என்று பெயர். உச்சியில் எச்டிஎம்எல் என்று ஒரு பெட்டி. அங்கிருந்து கிளை கிளையாகப் பிரிந்து ரியாக்ட், வியூ, டைப்ஸ்கிரிப்ட், வெப்பேக், டாக்கர், கிராஃப்கியூஎல் என்று விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கும். அண்மையில் வந்த ஒரு பெண் அந்தப் படத்தைக் காட்டி, "சார், இதில் எதையெல்லாம் விடலாம்?" என்று கேட்டாள்.

எதைப் படிக்க வேண்டும் என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். அவள் கேட்டது அதைவிட நல்ல கேள்வி. அவளுக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். அந்தப் படத்தில் இருக்கும் ஒவ்வொரு பெட்டியும் யாரோ ஒருவருக்கு வந்த தலைவலிக்கு மருந்து. அந்தத் தலைவலி உங்களுக்கு வரும்வரை அந்த மருந்தைத் தொட வேண்டாம்.

ஏன் இத்தனை பெட்டிகள்?

டிம் பெர்னர்ஸ் லீ சுவிட்சர்லாந்தில் உள்ள செர்ன் ஆய்வகத்தில் உருவாக்கிய முதல் இணையதளம் 1991இல் வெளியுலகுக்குத் திறந்தது. அதில் எழுத்தும் இணைப்புகளும் மட்டும்தான். அதை எழுதிய மொழிதான் எச்டிஎம்எல். அந்தப் பக்கம் இன்றைய பிரவுசரிலும் திறக்கிறது. பக்கத்தின் தோற்றத்தைத் தனியாக எழுதி வைக்கலாம் என்று 1994இல் ஹோக்கான் வியம் லீ முன்வைத்த யோசனைதான் சிஎஸ்எஸ். 1995இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் பக்கத்தை இயங்க வைக்கும் மொழியான ஜாவாஸ்கிரிப்டின் முதல் வடிவத்தைப் பத்தே நாளில் எழுதினார். அடித்தளம் இந்த மூன்றுதான். நீங்கள் எந்தக் கருவியில் வேலை செய்தாலும் கடைசியில் பிரவுசரிடம் போய்ச் சேருவது அநேகமாக இவைதான்.

மற்றவை இவற்றின் மேல் படிந்தவை. ஒவ்வொரு பிரவுசரும் ஒவ்வொரு மாதிரி நடந்துகொண்ட காலத்தில், அந்த வித்தியாசங்களைச் சமாளிக்க 2006இல் ஜேகுவரி என்ற நிரல் தொகுப்பு வந்தது. ஜாவாஸ்கிரிப்டை பிரவுசருக்கு வெளியேயும் ஓட்டலாம் என்று 2009இல் நோட் (நோட்.ஜேஎஸ்) என்ற கருவி வந்தது. மற்றவர்கள் எழுதிய நிரலை எடுத்துச் சேர்த்துக்கொள்ள 2010இல் என்பிஎம் வந்தது. ஒரே பக்கத்தில் பல இடங்கள் ஒன்றையொன்று சார்ந்து மாறிக்கொண்டே இருக்கும் ஃபேஸ்புக் போன்ற தளத்துக்காக எழுதப்பட்ட ரியாக்ட், 2013இல் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. பிரவுசர்கள் பழையதை அவ்வளவு எளிதில் கழிப்பதில்லை. புதியது மட்டும் சேர்ந்துகொண்டே போகிறது. முப்பது ஆண்டு வண்டலை ஒரே மாதத்தில் தோண்டப் பார்த்தால் மூச்சு முட்டத்தான் செய்யும். படிந்த வரிசையிலேயே போனால் ஒவ்வொன்றும் ஏன் வந்தது என்பது போகிற வழியில் புரிந்துவிடும்.

முதல் வேலை: பஸ் ஸ்டாப்புக்குப் போங்கள்

ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு உங்கள் ஊர் பஸ் ஸ்டாப்புக்குப் போங்கள். எந்த பஸ் எத்தனை மணிக்கு, எங்கே போகிறது என்று எழுதுங்கள். டீக்கடைக்காரரிடம் கேட்டால் பாதி தெரிந்துவிடும். பதினைந்து இருபது பஸ் போதும். இனி நீங்கள் கற்கும் எல்லாமே இந்தப் பட்டியலை வைத்துத்தான்.

வீடியோக்களில் எல்லோரும் செய்துகாட்டும் டூ-டூ லிஸ்டை நான் யாருக்கும் சொல்வதில்லை. முடித்தபிறகு அதைச் செய்தவரே பயன்படுத்துவதில்லை. பஸ் நேரம் அப்படியில்லை. தப்பாக இருந்தால் உங்கள் அம்மாவே சொல்லிவிடுவார். எது சரி என்று உங்களுக்கே தெரிந்த ஒன்றை வைத்துக் கற்கும்போது, நிரலில் உள்ள தவறு உடனே கண்ணில் படும்.

கருவி என்று பார்த்தால், ஒரு பழைய லேப்டாப், ஒரு பிரவுசர், நிரல் எழுத விஷுவல் ஸ்டூடியோ கோட். கடைசி இரண்டும் இலவசம். இந்தக் கட்டத்தில் வேறு எதையும் இன்ஸ்டால் செய்யாதீர்கள்.

எச்டிஎம்எல்: ஒரு வாரம்

பட்டியலை ஒரு டேபிளாக எழுதுங்கள். எது என்ன என்று பிரவுசருக்குச் சொல்ல எச்டிஎம்எல்லில் எழுதும் குறிதான் டேக். தலைப்புக்குத் தலைப்பு டேக், பத்திக்குப் பத்தி டேக், அழுத்துவதற்கு பட்டன் டேக். எதைப் பார்த்தாலும், தனக்கென்று பொருள் இல்லாத வெறும் பெட்டியான டிவ் டேக்குக்குள் போட்டு மூடும் பழக்கம் பலருக்கு முதல் வாரத்திலேயே வந்துவிடுகிறது. அதை ஆரம்பத்திலேயே தவிர்த்துவிடுங்கள். பார்வையற்றவர்கள் ஸ்கிரீன் ரீடரில் பக்கத்தைக் கேட்கும்போது, இது டேபிள், இது பட்டன் என்று அந்தக் கருவிக்குத் தெரிவது சரியான டேக்கால்தான்.

பக்கத்தின் தலைப்பகுதியில் மூன்று விஷயங்கள் கட்டாயம். ஒன்று, மொழி தமிழ் என்ற குறிப்பு. ஸ்கிரீன் ரீடர் தமிழ்க் குரலைத் தேர்ந்தெடுக்க அது உதவும். இரண்டாவது, திரையின் அகலத்துக்கு ஏற்பக் காட்டச் சொல்லும் வியூபோர்ட் வரி. அது இல்லாவிட்டால் போன் உங்கள் பக்கத்தைக் கணினித் திரை அளவுக்கு விரித்து, பிறகு சுருக்கி, எறும்பு எழுத்தாகக் காட்டும். மூன்றாவது, எழுத்துகள் யூனிகோடு முறையில் உள்ளன என்று சொல்லும் கேரக்டர் செட் யூடிஎஃப்-8 என்ற வரி.

இந்த மூன்றாவது வரிக்காக ஒரு நிமிடம் நில்லுங்கள். தொண்ணூறுகளில் தமிழில் இணையதளம் நடத்தியவர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு எழுத்து முறையைக் கையாண்டார்கள். திஸ்கி, டாம், டாப் என்று பல இருந்தன. அந்தத் தளத்துக்கான எழுத்துருவை இறக்கி நிறுவினால்தான் படிக்க முடியும். இல்லாவிட்டால் புரியாத குறிகள்தான் தெரியும். எல்லா மொழிகளுக்கும் பொதுவான எழுத்து முறையான யூனிகோடு பரவிய பிறகுதான் அந்தத் துன்பம் தீர்ந்தது. இன்று அந்தப் பாடு முழுவதும் ஒரே வரியில் அடங்கியிருக்கிறது. அதை விட்டுவிட்டால், உங்கள் கணினியில் ஒழுங்காகத் தெரிந்த பக்கம் இணையத்தில் ஏற்றியதும் தலையில் கோடு போட்ட ஐரோப்பிய எழுத்துகளாக மாறிப்போகலாம்.

சிஎஸ்எஸ்: இரண்டு வாரம்

இதில் மனப்பாடம் செய்ய ஒன்றுமில்லை. பக்கத்தில் உள்ள ஒவ்வொன்றும் ஒரு பெட்டி. அதற்கு உள்ளே இடைவெளி, ஓரத்தில் கோடு, வெளியே இடைவெளி. இது தெளிவாகிவிட்டால், பெட்டிகளை வரிசையாக அடுக்க ஃபிளெக்ஸ், கட்டம் கட்டமாக அடுக்க கிரிட், சின்னத் திரைக்கு வேறு மாதிரி அடுக்க மீடியா குவரி. இவ்வளவு போதும். கிரிட் முக்கிய பிரவுசர்களில் 2017இல்தான் வந்தது. அதற்கு முந்தைய பாடங்களில் பக்கத்தை அடுக்க ஃபுளோட் என்ற முறையைச் சொல்லியிருப்பார்கள். அப்படி ஒரு பாடம் கண்ணில் பட்டால் தயங்காமல் தாண்டிப் போங்கள்.

பக்கத்தின் மேல் ரைட் கிளிக் செய்து இன்ஸ்பெக்ட் கொடுத்தால் டெவலப்பர் டூல்ஸ் திறக்கும். நிறத்தையும் அளவையும் அங்கேயே மாற்றிப் பார்க்கலாம். எதுவும் கெட்டுப்போகாது, ரீலோட் செய்தால் பழையபடி வந்துவிடும். தமிழ் எழுத்துகளுக்கு வரி இடைவெளி கொஞ்சம் தாராளமாக வேண்டும். 1.6இல் தொடங்கிக் கண்ணுக்குச் சரியாகப் படும்வரை மாற்றிப் பாருங்கள். ஆயத்த சிஎஸ்எஸ் தொகுப்புகளான பூட்ஸ்டிராப், டெயில்விண்ட் இரண்டையும் ரோட்மேப்பில் இப்போதைக்கு அடித்துவிடலாம்.

இப்போதே இணையத்தில் ஏற்றுங்கள்

முழுவதும் முடித்துவிட்டு ஏற்றலாம் என்று காத்திருப்பவர்கள் பெரும்பாலும் ஏற்றுவதே இல்லை. அதனால் ஜாவாஸ்கிரிப்டைத் தொடும் முன்பே இந்தப் படி. கோப்புகளில் செய்த மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி கிட். அதில் ஆட், கமிட், புஷ் என்று மூன்று கட்டளைகளைப் பழகுங்கள். பிரான்ச், ரீபேஸ் எல்லாம் நாலு பேரோடு சேர்ந்து வேலை செய்யும்போது பார்த்துக்கொள்ளலாம். அந்தக் கோப்புகளை இணையத்தில் வைக்க உதவும் கிட்ஹப் தளத்தில் கணக்கு தொடங்கி, கோப்புகளை ஏற்றி, கிட்ஹப் பேஜஸ் என்ற வசதியை இயக்கினால் காசு செலவில்லாமல் உங்கள் பக்கத்துக்கு ஒரு முகவரி கிடைக்கும்.

அந்த முகவரியை மூன்று பேருக்கு அனுப்புங்கள். பிறகு நீங்களே மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு பஸ் ஸ்டாப்பில் நின்று போனில் திறந்து பாருங்கள். வீட்டில் அழகாகத் தெரிந்த சாம்பல் எழுத்து வெயிலில் ஒன்றுமே தெரியாது. விரல் வைக்கும் இடத்தில் பட்டன் சின்னதாக இருக்கும். இதை எந்தப் பாடமும் இவ்வளவு நன்றாகச் சொல்லித்தராது.

ஜாவாஸ்கிரிப்ட்: இங்கே அவசரப்படாதீர்கள்

இரண்டு மாதம் எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். பத்தே நாளில் இதை முடித்ததாக நினைத்து ரியாக்டுக்குத் தாவுகிறார்கள். அங்கே புரியாமல் போவதை ரியாக்டின் கஷ்டம் என்று எண்ணிக்கொள்கிறார்கள். அவர்களுக்குப் புரியாதது பெரும்பாலும் ஜாவாஸ்கிரிப்ட்தான்.

உங்கள் பக்கத்துக்கு இப்போது ஒரு தேவை இருக்கிறது. திறந்ததும் "அடுத்த பஸ் 9:40க்கு" என்று மேலே காட்ட வேண்டும். செய்து பாருங்கள். நேரங்களை எழுத்தாக வைத்து ஒப்பிட்டால் 10:05 மணி 9:40க்கு முன்னால் வந்துவிடும். காரணம், எழுத்தாகப் பார்க்கும்போது ஒன்று என்ற குறி ஒன்பதுக்கு முந்தியது. இதில் ஒருமுறை மாட்டிக்கொண்டால்தான் எழுத்துக்கும் எண்ணுக்கும் உள்ள வித்தியாசம் மனதில் பதியும். ஒவ்வொரு நேரத்தையும் நள்ளிரவிலிருந்து எத்தனை நிமிடம் என்று எண்ணாக மாற்றிக்கொள்ளுங்கள். காலை 6:15 என்றால் 375. இப்போதைய நேரத்தையும் அதே மாதிரி மாற்றி, அதைவிடப் பெரிய முதல் எண்ணைத் தேடினால் அடுத்த பஸ் கிடைத்துவிடும்.

பகலில் சோதித்தால் எல்லாம் சரியாக இருக்கும். கடைசி பஸ் போனபிறகு திறந்தால், அடுத்த பஸ் என்று ஒன்று இல்லை. "கேனாட் ரீட் ப்ராப்பர்ட்டீஸ் ஆஃப் அன்டிஃபைண்ட்" என்று டெவலப்பர் டூல்ஸின் கன்சோல் பகுதியில் சிவப்பாக ஒரு வரி வரும். இல்லாத பஸ்ஸின் நேரத்தைக் கேட்கிறாய் என்பதுதான் அதற்குப் பொருள். அப்போது நாளைய முதல் பஸ்ஸைக் காட்ட வேண்டும் என்பது இங்கேதான் தோன்றும். சரி, இதைச் சோதிக்க இரவு வரை விழித்திருக்க வேண்டுமா? வேண்டாம். அடுத்த பஸ்ஸைக் கண்டுபிடிக்கும் ஃபங்ஷனை (பெயர் வைத்து அழைக்கும் நிரல் துண்டை), அதுவே கடிகாரத்தைப் பார்க்காதபடி, நேரத்தை வெளியிலிருந்து வாங்கிக்கொள்ளும் விதமாக எழுதுங்கள். இரவு பதினொன்று என்று நீங்களே கொடுத்துப் பார்க்கலாம். வேலைக்குப் போகும் இடங்களில் டெஸ்டிங் என்று தனியாகச் சொல்லித்தருவதன் விதை இதுதான்.

சிவப்பு வரியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம் என்று தமிழ் வழியில் படித்து வந்தவர்களுக்குக் கூடுதலாகச் சொல்ல விரும்புகிறேன். அந்த ஆங்கிலம் மிகச் சின்ன ஆங்கிலம். அடிக்கடி வருபவை பத்துப் பதினைந்து வாக்கியங்கள்தான். "நாட் எ ஃபங்ஷன்" என்றால் ஃபங்ஷன் அல்லாத ஒன்றை அழைக்கிறீர்கள். "இஸ் நாட் டிஃபைண்ட்" என்றால் அந்தப் பெயரில் எதையும் உருவாக்கவில்லை, பெரும்பாலும் எழுத்துப்பிழை. ஒவ்வொன்றாக வரும்போது நோட்டில் எழுதி, பக்கத்தில் தமிழில் பொருள் எழுதுங்கள். வரியின் ஓரத்தில் கோப்பின் பெயரும் வரி எண்ணும் இருக்கும். முதலில் அங்கே போய்ப் பாருங்கள். பழகும்போது வேரியபிள் (மதிப்பைப் போட்டு வைக்கும் இடம்) பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம். ஜாவாஸ்கிரிப்ட் அதை ஏற்றுக்கொள்ளும். குழுவாக வேலை செய்யும் இடத்தில் ஆங்கிலப் பெயர்தான் வழக்கம் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

அப்புறம் ஊர்ப் பெயரைத் தேட ஒரு பெட்டி வையுங்கள். இங்கே தமிழுக்கே உரிய ஒரு சிக்கல் வரும். "பொள்ளாச்சி" என்று தட்டினால் கிடைக்காமல் போகலாம், பட்டியலில் கண்ணெதிரே இருந்தும். முதல் எழுத்தில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், எகரக் கொம்பு, கால் என்று இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. கணினிக்கு வேறு வேறு. ஒப்பிடும் முன் இரண்டு பக்கத்தையும் நார்மலைஸ் என்ற ஃபங்ஷன் வழியாக அனுப்பினால் சரியாகிவிடும். அதேபோல "தமிழ்" என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால் ஜாவாஸ்கிரிப்ட் 5 என்று சொல்லும். நாம் மூன்று எழுத்து என்று எண்ணுவோம். அது இகரக் குறியையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணுகிறது. ஆங்கிலப் பாடங்களில் இதெல்லாம் வராது. தமிழில் செய்பவர்கள்தான் கவனித்துச் சரிசெய்ய வேண்டும்.

இந்தக் கட்டத்தில் தெரிந்திருக்க வேண்டியவை: வேரியபிள், இஃப், லூப், ஃபங்ஷன், அரே, ஆப்ஜெக்ட், அரேயில் தேட ஃபைண்ட், வடிகட்ட ஃபில்டர், மாற்ற மேப், பக்கத்தின் ஒரு பகுதியைப் பிடித்து மாற்றுவது, கிளிக்கைக் கேட்பது. புரோட்டோடைப், ஜெனரேட்டர் எல்லாம் பிறகு பார்க்கலாம்.

சர்வர் என்ற சொல் புரியும் நாள்

பஸ் பட்டியலைத் தனியாக ஒரு ஜேசான் கோப்பில் (தகவலை மட்டும் எழுதி வைக்கும் வடிவம்) எழுதி, ஜாவாஸ்கிரிப்டின் ஃபெட்ச் என்ற ஃபங்ஷன் கொண்டு எடுத்துப் பாருங்கள். எச்டிஎம்எல் கோப்பை டபுள் கிளிக் செய்து திறந்திருந்தால் அது வேலை செய்யாது. பாதுகாப்புக்காக பிரவுசர் தடுத்துவிடும். பல பேர் இங்கே இரண்டு நாள் திண்டாடுகிறார்கள். விஷுவல் ஸ்டூடியோ கோடில் லைவ் சர்வர் என்ற நீட்டிப்பைச் சேர்த்து அதன் வழியாகத் திறங்கள், உடனே வந்துவிடும். கேட்ட கோப்பை எடுத்துக் கொடுக்கும் ஒரு புரோகிராம், அவ்வளவுதான் சர்வர். டெவலப்பர் டூல்ஸில் நெட்வொர்க் பகுதியைத் திறந்துவைத்துக்கொண்டு ரீலோட் செய்தால், கோப்புகள் 200 என்ற எண்ணோடு வருவதைப் பார்க்கலாம், கிடைத்தது என்று பொருள். மாறாத கோப்புக்கு 304 என்றும் வரலாம். கோப்பின் பெயரை வேண்டுமென்றே தப்பாக எழுதினால் 404 வரும், அப்படி ஒன்று இல்லை என்று பொருள்.

ரியாக்ட் எப்போது?

பக்கம் வளர்கிறது. போகும் திசை, ஞாயிற்றுக்கிழமை நேரம், பிடித்த பஸ், தேடல். ஒன்றை மாற்றினால் நான்கு இடத்தில் மாற்ற வேண்டும். ஒரு இடத்தை மறந்தால் மேலே ஒரு நேரமும் கீழே ஒரு நேரமும் காட்டும். இதைக் கையாலேயே இரண்டு வாரம் சமாளித்துப் பாருங்கள். இந்தத் தலைவலிக்கு வந்த மருந்துதான் ரியாக்ட். நிலவரம் இது என்று ஓரிடத்தில் சொல்லிவிட்டால் திரையை அதற்கேற்ப மாற்றுவதை அது பார்த்துக்கொள்ளும். வியூ, ஸ்வெல்ட் இரண்டும் இதே வேலையை வேறு விதமாகச் செய்பவை. வேலைக்காகப் படிப்பவர்கள் தங்கள் பகுதி வேலை விளம்பரங்களில் எது அதிகம் வருகிறது என்று பார்த்து ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று வந்துவிட்டால் மற்றொன்றுக்கு மாறுவது சில வார வேலைதான்.

பாடத்தின் தேதியைப் பாருங்கள். ரியாக்டில் ஃபங்ஷன்களைக் கொண்டே எழுத உதவும் ஹூக்ஸ் 2019இல் வந்தது. அதற்கு முந்தைய பாடங்களில் கிளாஸ் முறையில் எழுதியிருப்பார்கள். கிரியேட் ரியாக்ட் ஆப் என்று தொடங்கும் பாடங்களும் பழையவை; அந்தக் கருவியை ரியாக்ட் குழுவே 2025இல் கைவிட்டது. இப்போது வீட் என்ற கருவியில் தொடங்கலாம். அதை இயக்கியதும் நோட் மாட்யூல்ஸ் என்ற ஃபோல்டரில் ஏராளமான கோப்புகள் வந்து இறங்கும். அவை மற்றவர்கள் எழுதியவை. நீங்கள் படிக்க வேண்டியதில்லை. ஆனால் அவற்றை நம்பியிருக்கிறீர்கள் என்பது தெரிந்திருக்க வேண்டும். 2016 மார்ச்சில் லெஃப்ட்-பேட் என்ற பதினொரு வரி நிரலை அதை எழுதியவர் என்பிஎம்மிலிருந்து நீக்கியபோது, அதைச் சார்ந்திருந்த பெரிய புராஜெக்டுகள் பல திடீரென்று பில்ட் ஆகாமல், அதாவது ஓடும் வடிவத்துக்கு வராமல், நின்றன. இப்படி மற்றவர்கள் எழுதிய ஒரு நிரல் தொகுப்பை, அதாவது பேக்கேஜை, சேர்க்கும் முன் அதை நாமே எழுதினால் எத்தனை வரி ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஜாவாஸ்கிரிப்டில் மதிப்புகளின் வகையையும் குறித்து எழுதும் டைப்ஸ்கிரிப்ட் நல்லது, ரியாக்ட் கைக்கு வந்தபிறகு சேர்த்துக்கொள்ளுங்கள்.

காசும் ஏஐயும்

வெப் டெவலப்மென்ட் கற்க ஆரம்பத்திலேயே பெரிய தொகை கட்டாதீர்கள். எம்டிஎன், ஃப்ரீகோட்கேம்ப், ஓடின் புராஜெக்ட் என்ற மூன்று கற்றல் தளங்களும் இலவசம், தரமானவை. வேலை உத்தரவாதம் என்று சொல்லி லட்சக்கணக்கில் வாங்கும் பயிற்சிகளில் கடன் வாங்கிச் சேர்ந்து, பாதியில் விட்டுவந்த பிள்ளைகள் என்னிடம் வந்திருக்கிறார்கள். அந்தக் குடும்பங்களை நினைத்தால் இன்றும் மனம் வலிக்கிறது. ஜாவாஸ்கிரிப்ட் படியைச் சொந்தமாகத் தாண்டியபிறகு எந்தப் பயிற்சி தேவை என்று உங்களுக்கே தெரியும்.

ஏஐ கருவிகளைப் பயன்படுத்துங்கள், கேள்வி கேட்பதற்கு. "இந்தப் பிழையை எளிய தமிழில் விளக்கு, நிரல் எழுதித் தராதே" என்று கேட்டுப் பாருங்கள். அது சொல்வதும் தப்பாக இருக்கலாம் என்பதால் ஓட்டிப் பார்த்துத்தான் நம்ப வேண்டும். அது எழுதித் தந்த வரியை உங்களால் இன்னொருவருக்கு விளக்க முடியாவிட்டால் அதை உங்கள் பக்கத்தில் சேர்க்காதீர்கள்.

பேக் எண்ட்

இதுவரை உங்கள் பக்கம் சொல்லிக்கொண்டிருந்தது. "7:20 பஸ் இப்போது வருவதில்லை" என்று பயணிகள் சொல்வதைக் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டுமென்றால்தான் சொந்தமாக ஒரு சர்வரும், தகவலைச் சேமிக்கும் டேட்டாபேஸும் தேவை. இந்தப் பின்புற வேலைதான் பேக் எண்ட். ஜாவாஸ்கிரிப்ட் தெரிந்ததால் நோடிலேயே எழுதலாம். டேட்டாபேஸில் தகவலைக் கேட்டு வாங்க எஸ்கியூஎல் படியுங்கள். அரை நூற்றாண்டாக நிற்கும் மொழி அது. படித்தது வீண் போகாது. டாக்கரும் கிராஃப்கியூஎல்லும் இந்தப் பக்கத்துக்குத் தேவைப்படவே இல்லை.

பயணிகள் எழுதி அனுப்புவதை அப்படியே பக்கத்தில் காட்டாதீர்கள். யாராவது அதற்குள் ஜாவாஸ்கிரிப்டை எழுதி அனுப்பலாம். வந்ததை எச்டிஎம்எல்லாகவே எடுத்துக்கொள்ளும் இன்னர்எச்டிஎம்எல் வழியாகப் போட்டால் அது மற்றவர்கள் போனில் ஓடிவிடக்கூடும். டெக்ஸ்ட்கன்டென்ட் வழியாகப் போட்டால் வெறும் எழுத்தாகவே நிற்கும். வந்த செய்திகள் முதலில் உங்களுக்கு மட்டும் தெரியட்டும். மறுநாள் காலை ஸ்டாப்புக்குப் போய் 7:20 பஸ் வருகிறதா என்று பார்த்துவிட்டு பட்டியலை மாற்றுங்கள்.